லைஃப்ரே போர்ட்டலை லேப்டாப்பிலிருந்து சர்வருக்குக் கொண்டுபோவது எப்படி?

புதுப்பொறுப்பு:

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கான உள் தளத்தை லைஃப்ரே 7.4 என்ற போர்ட்டல் மென்பொருளில் கொண்டுவர முடிவாகியிருக்கிறது. விடுப்பு விண்ணப்பம், சுற்றறிக்கை, துறைவாரியான ஆவணங்கள் எல்லாம் அதில் வர வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேர் பயன்படுத்துவார்கள். பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஜாவா தெரியும், சர்வர் நிர்வாகம் அவ்வளவாகப் பழக்கமில்லை.

டாம்கேட் என்ற ஜாவா சர்வருடன் சேர்ந்து வரும் பண்டிலை (தொகுப்பை) இறக்கி, என் விண்டோஸ் லேப்டாப்பில் பிரித்துப் போட்டேன். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை ஓட்டியதும் 8080 போர்ட்டில் திறந்துகொண்டது. ஆரம்பத்தில் கேட்ட கேள்விகளுக்கு விசார்டிலேயே பதில் கொடுத்து, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுடன் இணைத்தேன். மாதிரிப் பக்கங்கள் செய்து, விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு மாட்யூல் (போர்ட்டலில் சேர்க்கும் துணை நிரல்) எழுதிச் சேர்த்து, ஆவணங்கள் ஏற்றி, மேலதிகாரிகளிடம் காட்டி ஒப்புதலும் வாங்கியாயிற்று.

இப்போது போர்ட்டலுக்கு இரண்டு லினக்ஸ் சர்வர்கள், டேட்டாபேஸுக்குத் தனியாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்கும் ஒரு சர்வர் உண்டு. என் திட்டம் இதுதான்: இதே ஃபோல்டரை ஜிப் செய்து இரண்டு சர்வரிலும் பிரித்துப் போடுவது, டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து அங்கே ஏற்றுவது, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து இரண்டுக்கும் பிரித்து அனுப்புவது. இது சரியாக வருமா? எதையாவது விட்டிருக்கிறேனா?

நிரல்நதி:

டாக்கரில் போட்டுவிடுங்கள் சகோ, மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. டாக்கர் ஹப்பில் லைஃப்ரேயின் அதிகாரபூர்வ இமேஜ் இருக்கிறது. எந்த ஜாவா, எந்த டாம்கேட் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாம் பொருத்தமாக உள்ளேயே வரும். அமைப்புக் கோப்புகளை ஒரு மவுன்ட்டில், அதாவது வெளியிலிருந்து இணைக்கும் ஃபோல்டரில், வைத்தால் கன்டெய்னர் ஏறும்போது தானே எடுத்துக்கொள்ளும். ஃபோல்டரை ஜிப் செய்து தூக்கிக்கொண்டு போகிற காலம் முடிந்துவிட்டது.

வேர்முடிச்சு:

டாக்கரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் புதுப்பொறுப்பின் திட்டம். இரண்டு போர்ட்டல் சர்வர், தனி டேட்டாபேஸ், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற அமைப்பு நல்ல அமைப்பு, அதை மாற்ற வேண்டாம். ஆனால் அந்த ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

லேப்டாப்பில் இருக்கும் அந்த ஃபோல்டருக்குள் இரண்டு வகைப் பொருட்கள் கலந்து கிடக்கின்றன. டாம்கேட், ஜார் கோப்புகள், லைஃப்ரேயுடன் வந்த மாட்யூல்கள் ஒரு வகை. இவை தொலைந்தால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஏற்றிய ஆவணங்கள், நீங்கள் எழுதிய மாட்யூல், மாற்றிய அமைப்புகள், கடவுச்சொற்கள் இன்னொரு வகை. இவை உங்களுடையவை, தொலைந்தால் வேறெங்கும் கிடைக்காது. முதல் வகையைச் சர்வரில் வைப்பதுதான் நிறுவல், சில நிமிட வேலை. இரண்டாவது வகையை ஒவ்வொன்றாக அந்த ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து அதற்குரிய இடத்தில் வைப்பதைத்தான் நான் டிப்ளாய்மென்ட் என்பேன். நேரமெல்லாம் இதில்தான் போகும், போகவும் வேண்டும்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. சோதனைச் சர்வரில் போர்ட்டல் ஃபோல்டரை முழுவதுமாக அழித்துவிட்டு, புதிதாக இறக்கிய பண்டிலை வைத்துப் போர்ட்டலை மறுபடி எழுப்ப வேண்டும். பக்கங்கள், ஆவணங்கள், பயனர்கள், தேடல், உங்கள் மாட்யூல் எல்லாம் திரும்பி வந்தால் நீங்கள் தயார். வராத பொருள் எதுவோ அது இன்னும் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை முடியாமல் ஒரு போர்ட்டலையும் நான் ஊழியர்கள் கையில் கொடுப்பதில்லை.

ஆவணங்களிலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்ததில் மீட்கவே முடியாத இழப்பு அங்கேதான் நடக்கிறது. ஒருவர் ஒரு பிடிஎஃப்பை ஏற்றும்போது அது இரண்டாகப் பிரிகிறது. பெயர், பதிப்பு எண், யார் ஏற்றினார், யாருக்கு அனுமதி என்பவை டேட்டாபேஸுக்குப் போகின்றன. கோப்பு மட்டும் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் டாக்குமென்ட் லைப்ரரி என்ற உள்ஃபோல்டரில், எண்களால் ஆன பெயர்களுக்குக் கீழே போய் உட்காருகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் டேட்டாபேஸ் பேக்கப் தினமும் ஒழுங்காக எடுக்கப்பட்டது. இந்த ஃபோல்டர் பேக்கப் பட்டியலிலேயே இல்லை. போர்ட்டலை அமைத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் அப்படி ஒன்று இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் டிஸ்க் போனது. டேட்டாபேஸை மீட்டார்கள், போர்ட்டல் நன்றாகவே ஏறியது, ஆவணப் பட்டியல் முழுவதும் திரையில் தெரிந்தது. எதைச் சொடுக்கினாலும் கோப்பு இல்லை. ஊழியர்களின் சான்றிதழ் நகல்கள் அதில் இருந்தன. ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டு வாங்கும் வேலை அலுவலக உதவியாளர்கள் தலையில் விழுந்தது. அவர்களுக்கும் இந்தத் தவறுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு போர்ட்டல் சர்வர் என்பதால் இந்தக் கோப்புகள் இரண்டும் பார்க்கக்கூடிய பொது இடத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் சர்வர் வழியாக ஏற்றிய ஆவணம் இரண்டாவதில் திறக்காது. நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டர், அதாவது என்எஃப்எஸ் மவுன்ட் ஒன்று போதும். எஸ்3 போன்ற சேமிப்பகம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். இயல்பாக அமைந்திருப்பது எளிய ஃபைல் சிஸ்டம் ஸ்டோர். அட்வான்ஸ்டு ஃபைல் சிஸ்டம் ஸ்டோர் என்று இன்னொன்று இருக்கிறது, அது உள்ளடுக்காக ஃபோல்டர்களை உருவாக்கி கோப்புகளைப் பரப்பி வைக்கும். ஒரே ஃபோல்டரில் கோப்புகள் குவியாது. நான் எப்போதும் இதைத்தான் தேர்வு செய்வேன். பின்னாளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழி இருக்கிறது என்றாலும், சில ஆவணங்கள் மட்டும் இருக்கும் இந்த நேரத்தில் மாறுவது எவ்வளவோ சுலபம். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸும் இந்தச் சேமிப்பகமும் ஒரே நேரத்துக்கு உரியவையாக இருக்கட்டும். ஒன்று நேற்றையது, மற்றது இன்றையது என்றால் பட்டியலும் கோப்பும் பொருந்தாது.

அடுத்தது தேடல். பண்டிலை ஓட்டும்போது பக்கத்திலேயே எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளும் தானாக ஏறுகிறது, கவனித்தீர்களா? அது செய்து பார்ப்பதற்காக வைத்தது, நிஜப் பயன்பாட்டுக்கு உரியதில்லை. இரண்டு சர்வரில் ஆளுக்கொரு இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) இருந்தால் தேடல் முடிவுகளும் ஆளுக்கொன்றாக வரும். தனியாக ஓர் எலாஸ்டிக்சர்ச் நிறுவி இரண்டு போர்ட்டலையும் அதனுடன் இணையுங்கள். எந்தப் பதிப்பு என்பதை லைஃப்ரே வெளியிடும் பொருத்தப் பட்டியலில் பார்த்துவிட்டே இறக்குங்கள், ஜாவாவுக்கும் அதே பட்டியல்தான். எலாஸ்டிக்சர்ச் வெளி முகவரியில் கேட்கத் தொடங்கியதும் சில சோதனைகளைக் கட்டாயமாக்கிவிடும். லினக்ஸில் மெமரி மேப் எண்ணிக்கையின் வரம்பு 262144-ஆவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அது குறைவாக இருந்தால் ஏறவே ஏறாது, காரணம் லாகில் தெளிவாகவே எழுதியிருக்கும்.

அப்புறம் அமைப்புகள். விசார்டில் கொடுத்த பதில்கள் போர்ட்டல்-செட்அப்-விசார்ட் என்ற ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கையால் எழுதப்போவது போர்ட்டல்-எக்ஸ்ட் கோப்பு. இரண்டிலும் ஒரே அமைப்பு இருந்தால் கடைசியாகப் படிக்கப்படுவது வெல்லும், கடைசியாகப் படிக்கப்படுவது விசார்ட் கோப்பு. எக்ஸ்ட் கோப்பில் டேட்டாபேஸ் முகவரியை மாற்றிவிட்டு, போர்ட்டல் ஏன் இன்னும் பழைய டேட்டாபேஸுக்கே போகிறது என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. சர்வரில் விசார்ட் கோப்பே இருக்க வேண்டாம். விசார்டை முடக்கிவிட்டு எல்லாவற்றையும் எக்ஸ்ட் கோப்பில் வையுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல் அதில் வெறும் எழுத்தாகவே இருக்கும் என்பதால், போர்ட்டலை ஓட்டும் பயனர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி கோப்பின் அனுமதியைக் குறுக்குங்கள். அந்தப் பயனர் ரூட்டாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நேர மண்டலத்தில் யாரும் கை வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பண்டிலின் செட்என்வ் ஸ்கிரிப்டில் ஜிஎம்டி என்று இருக்கும். உள்ளூர் நேரமாக மாற்றினால்தான் சரியாகக் காட்டும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளே எல்லாம் ஜிஎம்டியில்தான் இருக்க வேண்டும். பயனருக்கு அவருடைய நேரத்தில் காட்டுவதைப் போர்ட்டலே பார்த்துக்கொள்ளும்.

அட்டவணை:

அக்கா டேட்டாபேஸ் பக்கம் அதிகம் வரவில்லை, அதை நான் சொல்கிறேன். புதுப்பொறுப்பு, நீங்கள் விண்டோஸ் மைஎஸ்க்யூஎல்-லில் எடுத்த டம்பை லினக்ஸில் ஏற்றப்போகிறீர்கள். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தில்தான் சேமிக்கும். லினக்ஸில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வெவ்வேறு. லைஃப்ரேயின் டேபிள் பெயர்களில் பெரிய எழுத்துகள் உண்டு. டம்பை ஏற்றியதும் சின்ன எழுத்தில் டேபிள்கள் வந்து நிற்கும், லைஃப்ரே பெரிய எழுத்தில் தேடும், காணோம் என்று முடிவு செய்து தனக்கென்று புதிதாக ஒரு தொகுதி உருவாக்கிக்கொள்ளும். போர்ட்டல் பிழையில்லாமல் ஏறும், உள்ளே காலியாக இருக்கும். டம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எழுத்து அளவைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் மைஎஸ்க்யூஎல் 8-ல் அதை டேட்டாபேஸ் சர்வரை முதன்முதலில் தொடங்கும்போது மட்டுமே தரலாம். பிறகு மாற்ற முடியாது. ஆகவே இன்னும் எதையும் ஏற்றாத இந்த நேரத்திலேயே முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், லேப்டாப்பில் இருப்பது மாதிரிப் பக்கங்கள்தானே, சர்வரில் காலி டேட்டாபேஸிலிருந்து தொடங்கி, தேவையான பக்கங்களை லைஃப்ரேயின் ஏற்றுமதி வசதி மூலம் லார் கோப்பாக எடுத்துக்கொண்டு போங்கள். அதுதான் சுத்தம்.

டேட்டாபேஸின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்-லில் வெறும் யுடிஎஃப்8 என்று நாம் காலம்காலமாகப் போட்டுக்கொண்டிருந்தது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துகள் 3 பைட் என்பதால் அதில் பிரச்சினையில்லாமல் ஓடும். யாராவது சுற்றறிக்கைக்குக் கீழே ஓர் இமோஜி போட்டுக் கருத்து எழுதினால் அது 4 பைட், சேமிப்பதிலேயே பிழை வந்துவிடும். 8-ஆம் பதிப்பில் எம்பி4 தான் இயல்பு. அதற்கு முந்தையதில் இயல்பு லத்தீன்1, அங்கே தமிழெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

கடைசியாக இணைப்பு எண்ணிக்கை. லைஃப்ரேயின் கனெக்‌ஷன் பூல், அதாவது டேட்டாபேஸுக்குத் திறந்து வைக்கும் இணைப்புகள், இயல்பாக 100 வரை போகும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பது 151. ஒரு சர்வர் இருக்கும்வரை தெரியாது. இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து 200 கேட்கலாம். சோதனையில் நாலு பேர் பயன்படுத்தும்போது இது வெளியே வரவே வராது, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் முதல் நாள் காலையில்தான் வரும். டேட்டாபேஸ் வரம்பை ஏற்றுங்கள், அல்லது பூலைக் குறையுங்கள், இரண்டையும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

புதுப்பொறுப்பு:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. டேபிள் பெயர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. காலி டேட்டாபேஸிலிருந்தே தொடங்கப்போகிறேன்.

இன்னும் சில சந்தேகங்கள். இரண்டு சர்வரும் ஒரே டேட்டாபேஸ், ஒரே ஆவணச் சேமிப்பகம், ஒரே எலாஸ்டிக்சர்ச் என்று அமைத்துவிட்டால் அதுவே க்ளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழு) ஆகிவிடுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? என்ஜின்எக்ஸில் எச்டிடிபிஎஸ் வைத்தால் போர்ட்டலிலும் சான்றிதழ் வைக்க வேண்டுமா? டாக்கர் போகலாமா வேண்டாமா? குழுவில் அதைப் பற்றி ஒரு விவாதமே நடக்கிறது.

வேர்முடிச்சு:

அட்டவணை சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை.

க்ளஸ்டர்: அந்த மூன்றும் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு போர்ட்டலும் டேட்டாபேஸிலிருந்து எடுத்ததைத் தன் நினைவகத்தில் கேஷாக வைத்துக்கொள்ளும். முதல் சர்வரில் ஒருவர் பக்கத்தைத் திருத்தினால் இரண்டாவது சர்வருக்கு அது தெரியாது, பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். ஒருவருக்குப் புதிய சுற்றறிக்கை தெரிகிறது, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியவில்லை என்று புகார் வரும். எக்ஸ்ட் கோப்பில் க்ளஸ்டர் லிங்க்கை இயக்கினால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்.

இங்கே நெட்வொர்க் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: மல்ட்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல சர்வர்களுக்கு ஒன்றாக அனுப்பும் முறை) அனுமதி உண்டா? இயல்பான அமைப்பில் சர்வர்கள் ஒன்றையொன்று யுடிபி மல்ட்டிகாஸ்ட் மூலம்தான் கண்டுபிடிக்கின்றன. பல நெட்வொர்க்குகளிலும் பொதுவான க்ளவுட்களிலும் அது அடைக்கப்பட்டிருக்கும். அடைத்திருந்தால் பளிச்சென்று பிழை வராது. இரண்டும் தனித்தனியாக, தான் மட்டுமே இருப்பதாக நினைத்து ஓடும். அப்போது டிசிபி முறைக்கு மாற்ற வேண்டும். ஏறியதும் லாகில் க்ளஸ்டர் உறுப்பினர் பட்டியல் வரும், அதில் இரண்டு சர்வரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஒன்றில் நேரடியாக நுழைந்து ஒரு பக்கத்தை மாற்றி, இன்னொன்றில் நேரடியாகத் திறந்து பாருங்கள். என்ஜின்எக்ஸ் வழியாகச் சோதித்தால் எந்தச் சர்வருக்குப் போகிறோம் என்றே தெரியாது. முதல் முறை எழுப்பும்போது ஒன்று முழுவதும் ஏறி முடிந்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள். லாகின் செய்தவரின் செஷன் அவர் நுழைந்த சர்வரின் நினைவகத்தில்தான் இருக்கிறது என்பதால், ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும்படி என்ஜின்எக்ஸில் அமைக்க வேண்டும்.

எச்டிடிபிஎஸ்: என்ஜின்எக்ஸில் முடித்துக்கொள்ளலாம், போர்ட்டலுக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வந்தவர் எச்டிடிபிஎஸ்-சில்தான் வந்தார் என்பதைப் போர்ட்டலுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தரும் இணைப்புகளெல்லாம் வெறும் எச்டிடிபி-யாக இருக்கும், லாகின் பக்கம் சுற்றிச் சுற்றி வரும். எக்ஸ்ட் கோப்பில் வெப் சர்வர் ப்ரோட்டோகாலை எச்டிடிபிஎஸ் ஆக்குங்கள். டாம்கேட்டில் ரிமோட் ஐபி வால்வையும் சேர்த்தால் உண்மையான பயனரின் முகவரி லாகில் பதிவாகும், இல்லையென்றால் எல்லோரும் என்ஜின்எக்ஸின் முகவரியிலிருந்தே வந்ததுபோல் இருக்கும். இன்னொன்று, என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் எதையும் ஏற்க விடாது. போர்ட்டலில் வரம்பு 100 எம்பி என்று பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், ஸ்கேன் செய்த முதல் ஆவணமே 413 பிழையோடு திரும்பும். இரண்டு இடத்திலும் வரம்பை ஒன்றாக்குங்கள்.

பாதுகாப்புக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டெஸ்ட் என்ற கடவுச்சொல்லுடன் வரும் முதல் நிர்வாகிக் கணக்கு இருந்தால் அன்றே மாற்றுங்கள். 8080 போர்ட்டை என்ஜின்எக்ஸ் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடையுங்கள். வெப் சர்வர் டாம்கேட்டுடன் பேச இன்னொரு வழியான ஏஜேபி கனெக்டரை யாராவது இயக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோஸ்ட்கேட் என்று 2020-ல் தெரியவந்த ஓட்டை அதன் வழியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் டாம்கேட்டில் அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். அதே 2020-ல் லைஃப்ரேயிலேயே லாகின் செய்யாமல் சர்வரில் நிரல் ஓட்டக்கூடிய ஓர் ஓட்டை வெளியானது, 7.2.1-க்கு முந்தைய பதிப்புகளில். பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருந்தவர்களைத் தேடித்தேடித் தாக்கினார்கள். உள் தளம்தானே, யார் வரப்போகிறார்கள் என்று புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய வெளியீட்டுக்கு மாறும் வேலை பயமில்லாததாக இருந்தால்தான் யாரும் அதைச் செய்வார்கள். ஃபோல்டருக்குள் உங்களுடையது எதுவும் இல்லாவிட்டால் பயப்பட எதுவுமில்லை: டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து, சோதனைச் சர்வரில் ஒத்திகை பார்த்து, பழையதை எடுத்துப் புதியதை வைக்கலாம்.

இப்போது டாக்கர். நிரல்நதி சொன்னது நல்ல வழிதான். ஆனால் நான் மேலே சொன்ன எதையும் அது உங்களுக்காகச் செய்துவிடாது. ஆவணங்களை வெளியே வைக்காமல் கன்டெய்னரை நீக்கினால் அவையும் போய்விடும். உங்கள் குழுவில் டாக்கரைத் தினமும் கையாள்பவர், இரவில் ஏதாவது நின்றால் எழுந்து பார்க்கத் தெரிந்தவர் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் சாதாரண நிறுவலும், லினக்ஸில் போர்ட்டலைத் தானாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி சர்வீஸும் போதும். ஆயிரம் பேருக்கான உள் தளத்துக்கு அதில் ஒரு குறையும் வராது.

நிரல்நதி:

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா, ஒரு சின்ன மாற்றத்துடன். டாக்கரில் ஃபோல்டருக்குள் எதையும் மறந்து வைக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு முறை புதிய கன்டெய்னர் எழும்போதும் அது காலியாகத்தான் எழும். நீங்கள் சொன்ன அழித்துப் பார்க்கும் சோதனை தினமும் தானாக நடக்கிறது. நான் டாக்கரை விரும்புவதே அதற்காகத்தான்.

வேர்முடிச்சு:

அது உண்மையிலேயே நல்ல காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆரம்பத்திலிருந்தே அந்தப் பழக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. புதுப்பொறுப்பு, குழு விவாதத்தில் இதையும் எடுத்து வையுங்கள்.

புதுப்பொறுப்பு:

மறுபடியும் வந்துவிட்டேன். குழுவில் பேசி, இப்போதைக்கு டாக்கர் இல்லாமல் போவதாக முடிவு செய்தோம். சோதனைச் சர்வரில் எல்லாம் அமைத்து, அக்கா சொன்னபடி ஃபோல்டரை அழித்து மறுபடி நிறுவினேன். பக்கங்கள், பயனர்கள், ஆவணங்கள் எல்லாம் திரும்பி வந்தன. கோப்புகளும் திறக்கின்றன. விடுப்பு விண்ணப்பம் மட்டும் காணவில்லை, பக்கத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது. டிப்ளாய் ஃபோல்டரில் நான் போட்ட ஜார் அது, லேப்டாப் ஃபோல்டரிலும் அந்த இடத்தில் அது இல்லை. இன்னொன்று, அடுத்த கட்டச் சோதனைக்காக எலாஸ்டிக்சர்ச்சையும் புதிதாக நிறுவினோம், இப்போது எதைத் தேடினாலும் ஒன்றும் வரவில்லை.

வேர்முடிச்சு:

மிக நல்லது, சோதனை செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

டிப்ளாய் ஃபோல்டரில் போடும் ஜாரைப் போர்ட்டல் எடுத்து ஓஎஸ்ஜிஐ ஃபோல்டருக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்துக்கு நகர்த்திவிடும். அதனால்தான் போட்ட இடத்தில் இல்லை. அந்த ஜாரின் உண்மையான இருப்பிடம் நிரல்களைப் பதிப்புவாரியாக வைக்கும் உங்கள் கிட் களஞ்சியமும் அதிலிருந்து பில்ட் செய்து வைக்கும் இடமும்தான். நிறுவும் ஸ்கிரிப்ட் அங்கிருந்து எடுத்து இரண்டு சர்வரிலும் ஒரே பதிப்பை வைக்கட்டும். ஒன்றில் பழைய ஜார், இன்னொன்றில் புதியது என்று இருந்தால் விடுப்பு விண்ணப்பம் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் நடக்கும், கண்டுபிடிப்பது மிகவும் சிரமம். அதே ஓஎஸ்ஜிஐ ஃபோல்டரில் கான்ஃபிக்ஸ் என்று ஒன்று உண்டு. எலாஸ்டிக்சர்ச் முகவரி, ஆவணச் சேமிப்பகத்தின் பாதை போன்றவை எழுதிய கோப்புகள் அங்கே இருக்கும். எக்ஸ்ட் கோப்பையும் அவற்றையும் கடவுச்சொல் நீக்கி அதே களஞ்சியத்தில் வையுங்கள்.

தேடலுக்கு: கன்ட்ரோல் பேனலில் தேடல் பகுதிக்குப் போய் ரீஇண்டெக்ஸ் கொடுங்கள். டேட்டாபேஸிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் படித்து இண்டெக்ஸை மறுபடி கட்டிவிடும். ஆவணங்கள் அதிகம் சேர்ந்த பிறகு இதற்கு நேரம் எடுக்கும், ஆட்கள் குறைவான நேரத்தில் ஓட்டுங்கள்.

இனி ஒன்றே ஒன்று. தளம் ஓடத் தொடங்கிய பிறகு, நிஜ டேட்டாபேஸின் நகலைச் சோதனைச் சர்வரில் ஏற்றிப் பார்க்கும் நாள் வரும். போர்ட்டலை எழுப்புவதற்கு முன்னால் அந்தச் சர்வரிலிருந்து வெளியே மின்னஞ்சல் போகும் வழியை ஃபயர்வாலிலேயே அடைத்துவிடுங்கள். நகலில் நிஜ ஊழியர்களின் முகவரிகளும் நேரம் குறித்த வேலைகளும் அப்படியே இருக்கும். போர்ட்டலுக்குத் தான் சோதனைச் சர்வரில் இருப்பது தெரியாது. விடுப்பு நிராகரிக்கப்பட்டது என்று யாருக்காவது ஒரு மின்னஞ்சல் போய்விட்டால் அவருக்கு அது நிஜம்தான். நெட்வொர்க் ஆட்களிடம் இந்த வாரமே சொல்லி அந்த விதியைப் போடச் சொல்லுங்கள், நகல் எடுக்கும் நாளில் நினைவிருக்காது.